தாளம் தப்பும் நாடி

சென்ற ஆண்டு ஒருநாள் ஓசூரிலுள்ள நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் செல்ல நேர்ந்தது. சிப்காட் தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர் அவருடைய தந்தையார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஸலாம் சொல்லிக் கையைப் பற்றினேன். பெரியவர் கையை விடாமல், “நெஞ்சுக்குள்ளே குருவி ஒன்று சிறகடிக்கிற மாதிரி இருக்கிறது, தம்பி” என்றார். பெங்களூரில் இதய மருத்துவரிடம் காட்டியிருந்தார்கள். ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்று சீட்டில் எழுதியிருந்தது. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் நடுங்கிக்கொண்டே இருக்கும் நோய் அது.

அவர் எதிரே இருந்த மேசையில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை. மற்றொன்று, பேரன் வாங்கி வந்திருந்த மீன் எண்ணெய்க் குப்பி. மூன்றாவது பொருள் ஒன்று இருந்திருக்க வேண்டும்; அது இல்லை. காலையில் வாசலுக்கு வந்த முருங்கைக்கீரையை, “அத்தாவுக்குக் கீரை ஆகாதாம்” என்று மருமகள் திருப்பி அனுப்பிவிட்டார். நண்பர் என்னிடம் கேட்டார்: “மாத்திரையைக் கண்டால் பயமாக இருக்கிறது. எலி மருந்திலிருந்து வந்தது என்கிறார்கள். உணவாலும் சத்துக் குப்பிகளாலும் இதைச் சரிசெய்ய வழியில்லையா?”

அவர் மட்டும் கேட்கும் கேள்வியன்று இது. நம் இல்லங்கள் பலவற்றில் இன்று எழுந்துகொண்டிருக்கும் கேள்வி. இதற்கு ஒரு சொல்லில் விடையளிப்பதைவிட, இந்த நோயை மனிதன் அறிந்துகொண்ட வரலாற்றைச் சொல்வதே நேர்மையானது. ஏனெனில் அந்த வரலாறு முழுவதும் செடிகளும் உணவும் நிறைந்த வரலாறுதான்.

விரல் நுனியில் பிறந்த கல்வி

இதயத்தை நேரில் காணும் கருவிகள் இல்லாத காலத்தில் மருத்துவனுக்குக் கிடைத்த ஒரே சாளரம் மணிக்கட்டு நாடி. யுனானி மருத்துவத்தின் பேராசான் இப்னு ஸீனா (980–1037) தமது ‘அல்கானூன் ஃபித் திப்’ என்னும் பெருநூலில் நாடியைப் பத்து இயல்புகளால் ஆராய வேண்டும் என்று வகுத்தார். அதன் அளவு, வலிமை, வேகம், இடையில் நிற்கும் நேரம், தொடுகையில் தெரியும் மென்மை அல்லது கடினம் என்று அவ்வியல்புகள் தொடர்கின்றன. மான் துள்ளுவது போன்ற நாடி, எறும்பு ஊர்வது போன்ற நாடி, அலை போன்ற நாடி, எலிவால் போன்ற நாடி என்று உவமைகளாலும் பெயரிட்டனர் அக்கால மருத்துவர்கள்.

அப்பத்து இயல்புகளுள் நம் பொருளுக்கு உரியது ஒழுங்கு. கிரேக்க மருத்துவர் காலனைப் பின்பற்றிய இப்னு ஸீனா, சீர் தவறும் நாடியை இரண்டாகப் பிரித்தார். தவறுவதிலும் ஒரு முறை உள்ள நாடி ஒன்று. தவறுவதில் எந்த முறையும் இல்லாத நாடி மற்றொன்று. இன்றைய இதய மருத்துவர் மேலறை நடுக்கத்தை விரலால் அறிவதும் ஏறக்குறைய இந்தப் பிரிவினையால்தான். நான்கு துடிப்புக்கு ஒருமுறை தவறினால் அது வேறு. அடுத்த துடிப்பு எப்போது வரும் என்று எவ்வளவு நேரம் பார்த்தாலும் கணிக்க முடியாவிட்டால், மேலறை நடுக்கம் என்னும் ஐயம் எழுகிறது. இன்று நாம் அறிந்த நோயை அப்படியே இப்னு ஸீனா அறிந்திருந்தார் என்று சொல்வது மிகை. ஆனால் அதன் வாசலில் சரியான கேள்வியோடு நின்றவர் அவர் என்பதில் மிகையில்லை.

ஆலை நகரத்து மருத்துவர்

அந்த வாசலைத் திறந்தவர் ஜேம்ஸ் மெக்கன்ஸி. இவர் பெரிய பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் பர்ன்லி என்னும் பஞ்சாலை நகரத்தில் 1879 முதல் ஏறக்குறைய 28 ஆண்டுகள் தொழில் செய்த சாதாரணக் குடும்ப மருத்துவர். பகலெல்லாம் ஆலைத் தொழிலாளர்களையும் அவர்கள் மனைவி மக்களையும் பார்ப்பார். அவர்களுடைய நாடியைத் தாளில் கோடாக வரைந்து காட்டும் கருவி ஒன்றைச் செம்மைப்படுத்தினார். அதை மைகொண்டு எழுதும் கருவியாக ஆக்கித் தந்தவர் பக்கத்து ஊர்க் கடிகாரக்காரர் ஒருவர். கைக்கடிகாரத் தொழிலால் பெயர் பெற்ற ஓசூர்வாசிகளுக்கு இச்செய்தி சுவைக்கும். இதயத்தின் தாளத்தை அளக்கும் கலைக்குக் காலத்தின் தாளத்தை அளக்கும் கைகளே துணைநின்றன.

மெக்கன்ஸி ஒரே நோயாளியைப் பல ஆண்டுகள் விடாமல் கவனித்து வந்தவர். வாதக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கிய ஒரு பெண்மணியின் நாடியை அவ்வாறு வரைந்துவந்தார். 1898இல் ஒருநாள் அந்தப் பெண்ணின் நாடி தாறுமாறாயிற்று. மேலறை சுருங்குவதால் தாளில் எழும் சிற்றலை மறைந்து போயிற்று. மேலறை செயலிழந்துவிட்டது என்று மெக்கன்ஸி எண்ணினார். ஹாலந்து நாட்டு ஐந்தோவன் 1903இல் வெளியிட்ட மின்வரைபடக் கருவி வந்த பின்பே உண்மை விளங்கிற்று. 1909இல் லண்டனில் தாமஸ் லூயிஸும், வியன்னாவில் ரோத்பெர்கரும் வின்டர்பெர்கும் மேலறை செயலிழக்கவில்லை, நடுங்குகிறது என்று காட்டினர்.

அந்த நடுக்கத்தின்போது மேலறையில் நிமிடத்திற்கு 350 முதல் 600 வரை மின்துடிப்புகள் எழுகின்றன. அவற்றுள் சில மட்டுமே, முறையின்றி, கீழறைக்கு இறங்குகின்றன. பெரியவர் சொன்ன குருவியின் சிறகடிப்பு இதுதான். ஆனால் உண்மையான ஆபத்து சிறகடிப்பில் இல்லை. சரியாகச் சுருங்காத மேலறையில் இரத்தம் தேங்குகிறது, தேங்கியது உறைகிறது, உறைந்த கட்டி பெயர்ந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம். அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் நகரில் தலைமுறைகளாக நடந்துவரும் ஆய்வு 1978இல் வெளியிட்ட கணக்கின்படி, இந்நோயுள்ளவருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவரைவிட ஐந்து மடங்குக்கும் மேல். வாதக் காய்ச்சலால் வால்வும் கெட்டிருந்தால் பதினேழு மடங்குக்கும் மேல். நெஞ்சுப் படபடப்பு அடங்கியவுடன் நோயும் அடங்கியது என்று எண்ணுவோர் மறந்துவிடும் கணக்கு இது.

மூன்று செடிகளின் கதை

இந்நோய்க்குக் கிடைத்த பழைய மருந்துகள் எல்லாம் செடிகளிலிருந்தே வந்தன. முதலாவது, நரிக்கையுறைச் செடி என்று பொருள்படும் பெயர் கொண்ட ஃபாக்ஸ்க்ளோவ். இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷயர் பகுதிக் கிழவி ஒருத்தி, உடல் வீக்கத்திற்கு இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகளைக் கலந்து மருந்து கொடுத்துவந்தாள். அது பற்றி 1775இல் மருத்துவர் வில்லியம் விதரிங்கிடம் கருத்துக் கேட்டனர். வேலை செய்வது அந்த ஒரே செடிதான் என்று கண்டு, பத்தாண்டு காலம் அளவறிந்து கொடுத்துப் பார்த்து, 1785இல் அவர் நூலாக வெளியிட்டார். இலையின் அளவு கொஞ்சம் மிகுந்தால் வாந்தி, பார்வைக் கோளாறு, மரணம் என்பதையும் மறைக்காமல் எழுதினார். இன்றும் சில நோயாளிகளுக்கு இதயத்தின் ஓட்டத்தைத் தணிக்கத் தரப்படும் டிஜாக்ஸின், அவ்வினச் செடியிலிருந்து 1930இல் பிரித்தெடுக்கப்பட்டது.

இரண்டாவது, நம் நீலகிரிக்கு நன்கு அறிமுகமான சிங்கோனா மரம். 1860களில் ஆங்கில அரசு அங்கே சிங்கோனாத் தோட்டங்களை எழுப்பியது. நடுவட்டத்தில் கொய்னா செய்யும் ஆலையும் இயங்கிற்று. மலேரியாவுக்கென்று பயிரான அந்தப் பட்டை இதயத்திற்கும் பயன்பட்ட கதை விந்தையானது. 1912இல் பேராசிரியர் வெங்கெபாகிடம், கீழைத்தீவுகளில் வணிகம் செய்த டச்சுக்காரர் ஒருவர் வந்தார். தமக்கு நாடி தாறுமாறாகும்போதெல்லாம் ஒரு கிராம் கொய்னா விழுங்கினால் 25 நிமிடத்தில் சீராகிவிடுகிறது என்றார். மருத்துவர் நம்பவில்லை. மறுநாளே வணிகர் சீரான நாடியோடு வந்து நின்றார். அதன் விளைவாக, அதே பட்டையிலிருந்து கிடைக்கும் குவினிடின் 1918இல் இதய மருந்தாயிற்று. ஆனால் அதே குவினிடின் சிலருக்கு வேறொரு கொடிய தாளக்கேட்டை உண்டாக்குவதும் பின்னர் தெரிந்தது.

மூன்றாவது செடியின் கதை நம் நாட்டுக்கே உரியது. டில்லியின் புகழ்பெற்ற ஹகீம் அஜ்மல்கான் (1868–1927) ஜாமிஆ மில்லியாவின் முதல் வேந்தர். 1921இல் காங்கிரஸ் மகாசபையின் தலைவர். யுனானி மருத்துவத்தின் மீது அவர் கொண்ட பற்று கண்மூடித்தனமானதன்று. முன்னோர் தந்த மூலிகைகளை நவீன வேதியியலின் தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் கனவு. ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட்டில் வேதியியல் பயின்ற இளைஞர் ஸலீமுஸ்ஸமான் சித்தீகிக்குப் பொருளுதவி செய்து ஊக்கமளித்தார். சித்தீகி பட்டம் பெற்ற 1927ஆம் ஆண்டின் இறுதியிலேயே ஹகீம் ஸாஹிப் மறைந்தார். டில்லி திப்பியாக் கல்லூரியில் ஆய்வுக்கூடத்தை அமைத்த சித்தீகி, சர்ப்பகந்தி என்னும் மூலிகையின் வேரிலிருந்து 1931இல் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். தம்மை ஆதரித்த பெருமகனின் நினைவாக அதற்கு ‘அஜ்மலின்’ என்று பெயர் சூட்டினார்.

அஜ்மலின் இதயத்தின் தாளக்கேடுகளை அடக்கும் ஆற்றல் உடையது என்று பின்னர் தெரிந்தது. மறைந்திருக்கும் ஒருவகைப் பரம்பரைத் தாளக்கேட்டை வெளிக்கொணரும் சோதனைக்காக இன்றும் மருத்துவமனைகளில் அதை நரம்பில் செலுத்துகிறார்கள். அவ்வாறு செலுத்தும்போது மின்வரைபடக் கருவியும், இதயத்திற்கு அதிர்ச்சி கொடுத்து மீட்கும் கருவியும் அருகில் ஆயத்தமாக இருக்கும். ‘மூலிகைதானே, கெடுதல் செய்யாது’ என்று சொல்பவர்கள் இந்தக் காட்சியை நினைத்துப் பார்க்க வேண்டும். ஹகீம் அஜ்மல்கானின் பெருமை மூலிகையைப் போற்றியதில் மட்டும் இல்லை. அதை அளந்தறிய வேண்டும் என்று வற்புறுத்தியதில் இருக்கிறது.

கெட்டுப்போன வைக்கோலும் முருங்கைக்கீரையும்

இனி, நண்பர் அஞ்சிய மாத்திரையின் கதைக்கு வருவோம். ஓசூரை அடுத்த மத்திகிரியில் 1824ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் கால்நடைப் பண்ணையை அப்பகுதியினர் அறிவர். இந்த மாத்திரையின் கதையும் மாட்டுத் தொழுவத்தில்தான் தொடங்குகிறது.

1920களில் கனடாவிலும் வட அமெரிக்கச் சமவெளியிலும் மாடுகள் காரணமின்றி இரத்தம் ஒழுகிச் செத்தன. ஈரத்தில் பூஞ்சணம் பிடித்த இனிப்புக் குளோவர்த் தீவனமே காரணம் என்று கால்நடை மருத்துவர்கள் கண்டனர். 1933 பிப்ரவரியில் விஸ்கான்சின் மாநிலத்து உழவர் ஒருவர், கடும் பனிப்புயலில், செத்த கிடாரியையும் ஒரு பால்கேன் நிறைய உறையாத இரத்தத்தையும் ஏற்றிக்கொண்டு வேதியியல் அறிஞர் கார்ல் லிங்கின் ஆய்வுக்கூடத்திற்கு வந்தார். ஆறாண்டு உழைப்புக்குப் பின், 1939இல் அந்தத் தீவனத்தின் நஞ்சு பிரித்தெடுக்கப்பட்டது. அதன் வழிவந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது என்பது உண்மை. 1954இல் மனிதருக்கான மருந்தாக ஏற்கப்பட்டதும், அடுத்த ஆண்டே மாரடைப்புற்ற அமெரிக்க அதிபர் ஐஸன்ஹோவருக்குக் கொடுக்கப்பட்டதும் உண்மை. நஞ்சையும் மருந்தையும் பிரிப்பது அளவுதான்.

இதற்கு எதிர்ப்பக்கமாக இன்னொரு கண்டுபிடிப்பும் நடந்துகொண்டிருந்தது. கோபன்ஹேகனில் ஹென்ரிக் டாம் என்பவர் கொழுப்பு நீக்கிய தீனி தின்ற கோழிக்குஞ்சுகள் இரத்தம் கசிந்து வாடுவதைக் கண்டார். இரத்தம் உறைவதற்கு இன்றியமையாத ஒரு சத்து உணவில் உண்டு என்று உணர்ந்து, 1935இல் அதற்கு வைட்டமின் ‘கே’ என்று பெயரிட்டார். இரத்தம் உறையத் தேவையான பொருள்களைக் கல்லீரல் இந்தச் சத்தைக் கொண்டே ஆக்குகிறது. வார்ஃபரின் அந்த வேலையைத் தடுக்கிறது. நம் நாட்டில் மிகுதியாக வழங்கும் அசினோகூமரால் மாத்திரையும் அவ்வாறே. வைட்டமின் ‘கே’ நிறைந்த உணவு பச்சைக் கீரைகள். அவற்றுள் முருங்கைக்கீரையும் ஒன்று.

கீரையைப் பற்றிய அச்சம் இங்கிருந்தே பிறந்தது. ஆனால் அச்சம் சொன்னதும் அறிவு சொல்வதும் ஒன்றல்ல. ஒரு வாரம் கீரையே இல்லை, மறுவாரம் நாள்தோறும் கீரை என்று உண்டால் இரத்தத்தின் நிலை அலைபாயும். வாரத்திற்கு இரண்டு நாள் என்றால் எப்போதும் இரண்டு நாள் என்று ஒரே அளவாக உண்டால், அதற்கேற்ப மாத்திரையின் அளவை மருத்துவர் அமைத்துக்கொள்வார். ‘ஐ.என்.ஆர்.’ என்னும் இரத்தச் சோதனையைக் குறித்த நாளில் செய்து, பெரும்பாலோர்க்கு 2க்கும் 3க்கும் இடையில் அதை வைத்துக்கொள்ள வேண்டும். 2010க்குப் பின் வந்த டபிகட்ரான், ரிவராக்சபான், அபிக்சபான் போன்ற புதிய மாத்திரைகளுக்குக் கீரைக் கட்டுப்பாடே இல்லை. ஆகவே முருங்கைக்கீரையைத் திருப்பி அனுப்பும் முன், வீட்டில் இருப்பது எந்த மாத்திரை என்று பார்ப்பதே முதற்கடமை.

குப்பிகளின் காலம்

எஞ்சியிருப்பது பேரன் வாங்கிவந்த மீன் எண்ணெய். அன்பால் வாங்கியது, ஆனால் அன்பு மருந்தாகிவிடாது. மீன் எண்ணெயிலுள்ள ஒமேகா-3 இதயத்திற்கு நல்லது என்னும் நம்பிக்கை நெடுநாளையது. அமெரிக்காவில் 25,119 பேரிடம் ஐந்தாண்டுக்கு மேல் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வு, மீன் எண்ணெயோ வைட்டமின் ‘டி’யோ மேலறை நடுக்கத்தைத் தடுக்கவில்லை என்று காட்டிற்று. அதற்கு முந்திய ஆண்டு வெளிவந்த மற்றோர் ஆய்வில், நாள்தோறும் 4 கிராம் எடுத்தவர்களில் நூற்றுக்கு 2.2 பேருக்கும், எடுக்காதவர்களில் 1.3 பேருக்கும் இந்நோய் புதிதாகத் தோன்றியது. தடுக்கும் என்று நம்பி விழுங்கியது, மிகுந்த அளவில் நோயைக் கூட்டியிருக்கிறது! உணவாக மீன் உண்பதற்கு இது தடையன்று, குப்பிக்குத்தான் எச்சரிக்கை.

மக்னீசியமும் பொட்டாசியமும் இரத்தத்தில் குறைந்தால் இதயம் தாளம் தப்பக்கூடும். குறைவு என்று சோதனையில் தெரிந்தால் ஈடுசெய்வது மருத்துவம். குறைவில்லாதவர் குப்பியாக விழுங்குவதால் இந்நோய் தீரும் என்பதற்குச் சான்றில்லை. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அது தீங்காகவும் முடியும். பூண்டு, இஞ்சி, மஞ்சள் ஆகியவை குழம்பில் சேரும் அளவில் தீங்கற்றவை. அவற்றின் சாறு செறிந்த மாத்திரைகள், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தோடு சேர்ந்தால் இரத்தக்கசிவைக் கூட்டலாம். இருமலுக்கென்று தொடர்ந்து உண்ணும் அதிமதுரம் பொட்டாசியத்தைக் குறைத்து இரத்த அழுத்தத்தை ஏற்றும். டிஜாக்ஸின் உண்பவருக்கு அது பேராபத்து. எந்தப் பொடியையும் குப்பியையும் மருத்துவரிடம் மறைக்கலாகாது.

உணவு செய்யும் உதவி

அப்படியானால் உணவுக்கு இந்நோயில் இடமே இல்லையா? உண்டு, பெரிய இடம் உண்டு. ஆனால் அது கடையில் விற்கும் இடமன்று. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் உடல்பருத்த நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைத்து அதை நிலைநிறுத்தியவர்கள், தாளக்கேடின்றி வாழும் வாய்ப்பை மற்றவரைவிட ஆறு மடங்கு பெற்றனர். அதே நாட்டில் 2020இல் வெளியான ஆய்வு மதுவை விட்டவர்களையும் விடாதவர்களையும் ஒப்பிட்டது. விட்டவர்களில் நூற்றுக்கு 53 பேருக்கும், விடாதவர்களில் 73 பேருக்கும் நோய் திரும்பிற்று. மது விலக்கப்பட்ட நம் இல்லங்களில் பாதிப்பாடம் முன்பே படித்ததுதான். உப்பு, எண்ணெய்ப் பலகாரம், அளவு மீறிய விருந்து ஆகிய மீதிப் பாடத்தையே நாம் இன்னும் படிக்கவில்லை.

கிருஷ்ணகிரி மாவட்டம் கேழ்வரகு விளையும் பூமி. நூறு கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து 300 மில்லிகிராமுக்கு மேலும், மக்னீசியம் 100 மில்லிகிராமுக்கு மேலும் உண்டு. ராகிக் களியும் கொள்ளுச் சாறும் உண்டு வயலில் உழைத்தவர்களின் பேரன்கள், இன்று மூன்று ஷிஃப்டு வேலையில், நள்ளிரவில் கிடைத்ததை உண்டு, பகலில் உறங்குகிறார்கள். களி இந்நோயைத் தீர்க்காது. ஆனால் எடையையும் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அடக்கும் உணவுமுறையில் அதற்கு இடமுண்டு. அவை மூன்றும் அடங்கினால் இந்நோயின் வேர்களும் தளரும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மேலைநாட்டில் இது பெரும்பாலும் முதியோர் நோய். நம் நாட்டில் 24 மருத்துவமனைகளைச் சேர்த்து எடுத்த கணக்கில், இந்நோயாளிகளின் சராசரி வயது ஏறக்குறைய 55. அவர்களில் கிட்டத்தட்ட பாதிப்பேர் வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்கள். பர்ன்லியில் மெக்கன்ஸி கவனித்த அந்தப் பெண்ணைப் போன்றவர்களே அவர்கள். நெருக்கமான குடியிருப்புகளில் பிள்ளைகளுக்கு வரும் தொண்டைப்புண்ணை அசட்டை செய்வதில் தொடங்குகிறது அது. ஒருமுறை வாதக் காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு மூன்று நான்கு வாரத்திற்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியை ஆண்டுக்கணக்கில் விடாமல் போட்டால், பிற்காலத்து இதயக்கேட்டைப் பெரிதும் தவிர்க்கலாம். வால்வு மிகச் சுருங்கியவர்களுக்குப் புதிய மாத்திரைகளைவிடப் பழைய வார்ஃபரின் வகையே உயிர்காப்பது என்று, இந்திய நோயாளிகளும் இடம்பெற்ற ஆய்வு 2022இல் நிறுவிற்று. அடுத்தவர் மாத்திரையைப் பார்த்துத் தம் மாத்திரையை மாற்றிக்கொள்வோர் இதை உணர வேண்டும்.

ரமளான் மாதத்தைப் பற்றியும் பெரியவர் கேட்டார். நோன்பு நோற்க இயலுமா என்பதை அவரவர் உடல்நிலை அறிந்த மருத்துவரே, மாதம் பிறப்பதற்கு முன்பே, சொல்ல வேண்டும். நம் பகுதியில் நோன்பு ஏறக்குறைய 13, 14 மணி நேரம். இருவேளை மாத்திரையை ஸஹரிலும் இஃப்தாரிலும் அமைக்க முடியுமா, ஒருவேளை மாத்திரையாக மாற்றலாமா என்பதை அவர் முடிவு செய்வார். ரிவராக்சபான் உணவோடு உண்ண வேண்டிய மாத்திரை என்பதையும் நினைவில் கொள்க. நோயாளிக்கு மார்க்கம் அளித்த சலுகையை ஏற்பது குறையன்று. தாமாக மாத்திரையை நிறுத்திக்கொண்டு நோற்பதுதான் பிழை.

விடைபெறும்போது நண்பரிடம் நான் சொன்னது இவ்வளவே: “மாத்திரையை நிறுத்தாதீர்கள். மீன் எண்ணெய்க் குப்பியை மருத்துவரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். கீரைக்காரம்மா நாளை வந்தால் திருப்பி அனுப்பாதீர்கள். வாரத்திற்கு எத்தனை நாள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.” பெரியவர் சிரித்தார். “அப்போ, முருங்கைக்கீரை உண்டுதானே?” என்று மருமகளைப் பார்த்துக் கேட்டார்.